கோபினாவுக்கு ஒரு முகம்

எல்லோரும் சௌக்கியமா? வீட்டில் பெரியவர்களுக்கு முட்டிவலி தேவலையா, சின்னதுகளுக்குச் சளி விட்டதா? எனக்கு இங்கே கானா நாட்டுச் செகொண்டியில் குறை ஒன்றும் இல்லை. ஹர்மட்டான் காற்று இறங்கிவிட்டது, அவ்வளவுதான். பாலைவனத்துப் புழுதியெல்லாம் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உதடு வெடித்து, குதிகால் பிளந்து, எதிர்ப்பக்கம் நிற்கிற படகுகூடத் தெரியவில்லை. இந்தக் காற்று வந்தாலே அராபா கம்ப்யூட்டர் கட்டின ஒன்பது நாள் எனக்கு ஞாபகம் வந்துவிடும். உட்காருங்கள், சொல்கிறேன்.

அராபா எங்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கத்து அறைக்காரி. முற்றத்து நடுவில் மூன்று மண் அடுப்பு. ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது, மூன்றாவது அவள் நாத்தனார் எகுவாவுடையது. விடிந்ததும் படகுத்துறையில் மீன் எடுத்து, கழுவி, கம்பிவலைத் தட்டில் தலையும் வாலுமாக அடுக்கி, நாள் முழுக்கப் புகை போடுவது எங்கள் பிழைப்பு. மூன்று பேர் துணியிலும் ஒரே வாசம்தான்.

அராபாவின் புருஷன் கோபினா சாவுப் போஸ்டர்காரன். எங்கள் ஊரில் யார் செத்தாலும் வீட்டார் முதலில் பிணவறைக்குப் போவார்கள், அங்கிருந்து நேராகக் கோபினா கடைக்குப் போவார்கள். செத்தவர் வயசைக் கேட்டுக்கொண்டு, மேலே 'என்ன அதிர்ச்சி' என்று போடுவதா, 'நிறைவாழ்வு' என்று போடுவதா என்று அவன் முடிவு பண்ணுவான். எவ்வளவு கசங்கின போட்டோவைக் கொடுத்தாலும் மடிப்பை எடுத்து, கண்ணுக்கு ஒளி வைத்து, இப்போதுதான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி ஆக்கிவிடுவான். பன்னிரண்டு வருஷம் செய்தான். என் தங்கை மன்சாவுக்கும் அவன்தான் போட்டான்.

அப்பேர்ப்பட்டவன் தன்னை மட்டும் யாரையும் படம் எடுக்க விடமாட்டான். "இத்தனை பேர் மூஞ்சியைச் செவுத்துல ஒட்டுனவன் நானு. என் மூஞ்சி முன்கூட்டியே செவுத்துக்குப் போனா நல்லதில்ல பெரியம்மா," என்பான். கல்யாணத்தில் எடுத்த நாலு படமும் கூரை ஒழுகின ஒரு மழையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன.

அந்த ஒன்பது நாளுக்கு ஒரு வருஷம் முன்னால், ஜனவரியில் அவன் ஏறின வேன் ஆற்றுப் பாலத்திலிருந்து கவிழ்ந்தது. நாலாம் நாள்தான் உடம்பு கிடைத்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். செல்போன் ஆற்றோடு போயிற்று. ஊருக்கெல்லாம் போஸ்டர் போட்டவனுக்குப் போட ஒரு படம் இல்லை. கடைசியில் வோட்டர் அட்டையில் இருந்த நகத்தளவு படத்தை வேறொரு கடைக்காரன் பெரிசாக்கினான். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நிழல், வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறை. மீன் வாங்க வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டாள். கோபினா என்றேன். "எந்தக் கோபினா? போஸ்டர் கோபினாவா? இது அவன் இல்லையே," என்றாள்.

அதற்கப்புறம்தான் அராபாவுக்குக் கனவு தொடங்கியது.

"அடுப்புக்கு முன்னாடி உக்காந்திருக்கேன் பெரியம்மா. பின்னாலேருந்து 'அராபா'ன்னு கூப்பிடுறான். திரும்புனா ஆள் நிக்கிறான், சட்டை தெரியுது, கை தெரியுது. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமில்ல."

"நீ பதில் பேசுனியா?"

"பேசுவேனா."

எங்களிடம் இது பால்குடியிலேயே சொல்லித்தருவது. முகம் தெரியாத குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் 'ம்' கொட்டக்கூடாது. கொட்டினால் கூடவே போகவேண்டி வரும்.

"ஒரு வருஷமா கூப்பிடுறான்," என்றாள் அராபா. "ஒரு வருஷமா வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன். என்ன மாதிரி பொண்டாட்டி நானு."

டிசம்பர் கடைசியில் குடும்பக் கூட்டம் நடந்தது. கோபினாவின் தாய்மாமன் அன்சாதான் குடும்பத் தலைவர். கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசுவார்.

"வருஷச் சடங்கு ஜனவரி கடைசி சனிக்கிழமை. போஸ்டர் மூணு வாரம் முன்னாடி செவுத்துல இருக்கணும். போன தடவை ஊர் சிரிச்சது. யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு ஊர்வலமா வந்தோம்னு பேசுனாங்க. முதல் சனிக்கிழமை கூட்டத்துக்கு அவன் முகத்தைக் கொண்டா அராபா. முகம் இல்லாம அவனை அனுப்ப மாட்டேன். சடங்கு அடுத்த வருஷத்துக்குப் போகும்."

"மாமா, அப்ப இந்தக் கறுப்பு?"

"சடங்கு முடிஞ்சாத்தானம்மா வெள்ளை."

அவ்வளவுதான் பேச்சு. கறுப்புத் துணி கட்டினவள் படகுத்துறையில் முதல் கூடைக்குக் கை நீட்டக்கூடாது. மற்றவர்கள் எடுத்து மிஞ்சின மீன்தான் அவளுக்கு. பந்தியில் உட்காரமாட்டாள், யார் கையையும் பிடிக்கமாட்டாள். எங்கள் அராபா சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்த ஒரு வருஷத்தில் அவள் முட்டை ஓடு மாதிரி ஆகிவிட்டிருந்தாள். இன்னொரு வருஷம் என்றால் உடைந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் முறைப்படி கோபினாவின் சாமான் எல்லாம் அவன் அக்கா மகனுக்குப் போயிற்று. அவன் கம்ப்யூட்டரையும் அச்சு இயந்திரத்தையும் குமாசிக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் டிஸ்க் இல்லை. கோபினா தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டும்போது டிஸ்க்கைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து பால்பவுடர் டப்பாவுக்குள் வைத்துக் கட்டிலடியில் தள்ளிவிடுவான். திருட்டு பயமா என்று நான் கேட்டதற்கு, "அதில்ல பெரியம்மா. ஊர்ச்சனம் பூராவும் இதுக்குள்ள படுத்திருக்கு. பூட்டுன கடையில தனியா விட்டுட்டு வர மனசு வரல," என்றான்.

கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கே அராபா அந்த டப்பாவை எடுத்தாள்.

"கேமிரா வாங்குனவன் அது சரியா இருக்கான்னு பாக்கவாச்சும் ஒருதடவை தன் மூஞ்சியை எடுத்திருப்பான். இதுக்குள்ள இருக்கும் பெரியம்மா."

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மூன்று கடை ஏறினாள். மூவரும் கையை எடுத்துக்கொண்டார்கள். செத்தவனுடைய டிஸ்க், அதுக்குள் அத்தனை செத்தவர்கள், சடங்கும் முடியவில்லை. உயிரோடு இருக்கிறவன் பிழைப்பு நடத்துகிற கம்ப்யூட்டரில் அதை எப்படிச் சொருகுவது என்றார்கள். நாலாவதாகத் தக்கொராடி சந்தையில் பழைய பாகம் விற்கிற இத்ரிசுவிடம் போனோம், நானும் கூடப் போனேன். இத்ரிசு வடக்கத்திப் பையன் என்று ஊரே சொல்லும், நாற்பது வயசு இருக்கும், நாலு பிள்ளைக்காரன். சுற்றிலும் வெளிநாட்டு ஆபீசுகள் கழித்துக் கட்டின பெட்டிகளை மலையாகக் குவித்து நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"நான் சொருக மாட்டேன் அக்கா, கோவிச்சுக்காதீங்க. தெரிஞ்சா ஒருத்தரும் என்கிட்ட வாங்க மாட்டாங்க. ஆனா பாகம் தர்றேன், நீங்களே ஒண்ணு கட்டிக்கங்க."

"நானா? எனக்கு மீன் அடுக்கத் தெரியும்."

"இதுவும் அடுக்குறதுதான். எது எந்த ஓட்டையில போகுமோ அதுலதான் போகும். மீனாச்சும் வழுக்கும், இது வழுக்காது."

"சுட்டுப்போட்டா வராது எனக்கு."

"சுட வேண்டாம்கா. மாட்டுனா போதும்."

ஒரு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் உதட்டில் ஏதோ சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. இத்ரிசு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் படம் போட்டான். இது பலகை, இதுதான் எல்லாத்துக்கும் தாய். இது சில்லு, மூளை. இது மெமரி, இது மின்சாரப் பெட்டி. "எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் இரும்பைத் தொடுங்க. ஹர்மட்டான்ல உடம்பெல்லாம் பொறி. அந்தப் பொறி பட்டா பலகை செத்துரும். அப்புறம் சில்லு மேல வெள்ளையா ஒரு களிம்பு, பயறு அளவு, தடவி, அதுக்கு மேல விசிறியை வச்சு நாலு காலையும் அழுத்துங்க. களிம்பு என்கிட்ட தீந்துபோச்சு."

"என்ன களிம்பு?"

"வெள்ளையா, வழவழன்னு இருக்கும்," என்றான். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

மீன் சுமக்கிற அலுமினியத் தொட்டியில் பழைய துணி விரித்து, பாகங்களை அடுக்கி, அராபா தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். எகுவா அடுப்படியிலிருந்தே பார்த்தாள். அவள் வாய் கொடுக்கு மாதிரி. ஆனால் அண்ணன் செத்த அன்று முற்றத்தில் உருண்டு அழுததும் அவள்தான்.

"என்ன அண்ணி, யாரு வீட்டுப் பெட்டி இது?"

"பழசு."

"பழசுன்னு தெரியுது. எந்த ஊர்ல எவன் செத்ததுக்கு வித்தானோ. பலகை ஒருத்தனுது, விசிறி ஒருத்தனுது, மூளை ஒருத்தனுது. ஏழு பொணத்துலேருந்து எடுத்து ஒரு ஆளைப் பண்றீங்க. அதுக்குள்ள எங்கண்ணனை வேற வைக்கப் போறீங்க."

"உனக்கு உங்கண்ணன் மூஞ்சி வேணுமா வேண்டாமா?"

எகுவா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "வேணும்," என்றாள், புகையைப் பார்த்துக்கொண்டே.

மீன் குறைவான மாதம் அது. பத்து மணிக்கெல்லாம் தட்டுகள் அடுப்பேறிவிடும். அப்புறம் அராபா நீளமேசையைக் கழுவித் துடைத்து, இத்ரிசுவின் அட்டையை மீன்கத்தியால் அழுத்திவைத்து, வேலையைத் தொடங்குவாள். ஒரு கை எப்போதும் என் அடுப்பின் இரும்புக் கம்பி மேல் இருக்கும். இன்னொரு கையால் எடுப்பாள். எலும்பு முறியாமல் மீன் திருப்புகிற விரல்கள் அவளுக்கு. அந்தச் சின்னத் திருகாணிகளை அரிசி பொறுக்குவது மாதிரிப் பொறுக்கினாள். நான் இலையில் கட்டின மக்காச்சோளக் கென்கி உருண்டையைப் பிரித்து மிளகாய்த் துவையலோடு வைத்தால், தொடாமல் ஆறிப்போகும். கை எண்ணெய் பட்டுவிடுமாம்.

களிம்பு தடவுகிற கட்டம் வந்தபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அறைக்குள் போனாள். என்னவோ எடுத்துவந்து தடவினாள். நான் மீன் திருப்பிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. விசிறியின் மூன்று கால் டக் டக்கென்று உட்கார்ந்தன. நாலாவதை அழுத்தும்போது பலகை வளைந்தது.

"முறிஞ்சிரும் போலருக்கு பெரியம்மா."

"அப்ப விடு. மூணு கால் போதாதா."

நான் சொன்னதுதான். அடுப்புக்கு மூன்று கல் போதும் என்கிற நினைப்பில் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் கோபினாவின் டிஸ்க்கையும் சொருகி மின்சாரம் கொடுத்தாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பீப், பீப், பீப். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று.

எகுவா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "பதில் பேசாதீங்க அண்ணி."

முற்றமே வாயை மூடிக்கொண்டு நின்றது. கடைசியில் அராபா இத்ரிசுவுக்குப் போன் போட்டாள்.

"எத்தனை தடவை கத்துது அக்கா?"

"மூணு."

"மெமரி சரியா உக்காரல. எடுத்து, பென்சில் ரப்பரால பல்லைத் தேய்ச்சு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. உப்புக்காத்துல பல்லு கறுத்திருக்கும். பயந்து பயந்து வச்சா எதுவும் உக்காராது."

அழுத்தினாள். கத்தல் நின்றது. திரை விழித்தது. கோபினாவின் கடையில் இருக்குமே, நீலப் படகுப் படம், அது அப்படியே வந்து நின்றது. வேறு உடம்பு என்று அந்த டிஸ்க் முரண்டு பிடிக்கவில்லை. அராபா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

ஹர்மட்டானில் தோல் வெடிக்காமலிருக்க எல்லோரும் ஷியாக் கொட்டை வெண்ணெய்தான் தேய்ப்போம், கெட்டியாக, அப்படியே. கோபினா மட்டும் உள்ளங்கையில் வைத்து அடுப்புக்கு மேலே காட்டி, உருக்கி, சூடாகத் தேய்ப்பான். முழங்கை வரை வழியும். புகையும் கொட்டையும் கலந்த மாதிரி ஒரு வாசம். அந்த வாசம் வந்தால் கோபினா எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். ஒரு வருஷமாக எங்கள் முற்றத்தில் அந்த வாசம் இல்லை. இப்போது அடுப்பு மூன்றும் தணிந்து கிடக்கின்றன, யார் கையிலும் எதுவும் இல்லை, அந்த வாசம் மேசையிலிருந்து எழும்பி வருகிறது.

"அண்ணே," என்றாள் எகுவா.

அராபா திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாள். வாசம் ஏறிக்கொண்டே வந்தது. படக்கென்று எல்லாம் அணைந்தது.

ஆறவைத்து மறுபடி போட்டால் மறுபடி விழிக்கும், வாசம் வரும், நாலு நிமிஷத்தில் அணைந்துவிடும். அன்று சாயங்காலத்துக்குள் எங்களுக்குப் பழகிவிட்டது. இரண்டு நிமிஷம் விழிக்கப் போகும். மிச்சம் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் அராபா டிஸ்க்குக்குள் படம் போட்டு வைத்திருந்த பெட்டகங்களை ஒவ்வொன்றாகத் திறப்பாள். வருஷம் வருஷமாக, பேர் பேராக, எங்கள் ஊர்ச் செத்தவர்கள். மீன் ஏலக்காரி, பள்ளிக்கூட வாத்தியார், இரட்டைக் குழந்தையில் ஒன்று, பாதிரியார், கடலில் போன மூன்று பேர். எல்லோரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த முகத்தோடு எங்களைப் பார்த்தார்கள். அப்புறம் இருட்டு. எகுவா அடுப்பு விசிறியை எடுத்துப் பெட்டிக்கு வீசுவாள். கால் மணி காத்திருந்து மறுபடி போடுவோம்.

கோபினாவின் பேரில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று. முற்றத்துக்கு வெளியே பேச்சு கசிந்துவிட்டது. மீன் வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு அண்ணி," என்றாள் எகுவா. "அண்ணன் வர்றான். வந்து பாத்தா நாம யாரு யாரையோ தேடிக்கிட்டு இருக்கோம். கோவத்துல போயிடறான்."

"கோவக்காரன் இல்லடி அவன்."

"உயிரோட இருக்கையில இல்ல."

அராபா பெட்டியின் தகரத்தில் கை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி. "சூடா இருக்கு," என்றாள். "பெரியம்மா, தொட்டுப் பாருங்களேன். உடம்புச் சூடு மாதிரியே இருக்கு."

நான் தொடவில்லை. சாவைப் பார்க்காதவளா நான், ஆனாலும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை. மறுநாள் கூட்டம். அன்று காலையில் அராபா நாலு தடவை போட்டாள். நாலாவது தடவை விழிக்கவே இல்லை. வாசம் மட்டும் மெல்ல வந்து நின்றது. அவள் எழுந்தாள், பெட்டியைத் தொட்டியில் வைத்தாள், தலையில் ஏற்றினாள். எகுவா தன் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு எங்கள் கூட வந்தாள். வேனில் அராபா பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இத்ரிசு மூடியைக் கழற்றினான். குனிந்தான். மூக்கை இழுத்தான். நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தான்.

"அக்கா, சில்லு மேல என்ன தடவுனீங்க?"

அராபா குனிந்து உள்ளே பார்த்தாள்.

"எங்கம்மா அறுபது வருஷமா ஷியா கடையுறவ. எனக்குத் தெரியாதா இந்த வாசம். முட்டிக்குத் தேய்க்கிறதை மூளைக்குத் தேய்ச்சிருக்கீங்க." சிரிப்பை அடக்க முடியாமல் அவன் பெட்டி மலை மேலேயே சாய்ந்தான். "சூடு ஏறினதும் உருகி ஒழுகிடுச்சு. இங்க பாருங்க, பலகை பூரா வழிஞ்சிருக்கு. நாலாவது கால் வேற தொங்குது. சில்லு வெந்துபோயிரும்னு அதுவா அணைச்சுக்குது. நல்லவேளை, சாகல. சில்லை எடுத்துத் துடைச்சு நானே மாட்டித் தர்றேன், நேத்துதான் களிம்பு வந்துச்சு."

எகுவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கும் வந்தது. மூன்று நாள் பயம் வயிற்றைவிட்டு இறங்கினால் சிரிப்பாகத்தான் இறங்கும் போலிருக்கிறது. அப்புறம் அராபாவைப் பார்த்தோம்.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"கோபினாவோட வெண்ணெய் டப்பாதான் அது. அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு," என்றாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றாள் எகுவா, மெதுவாக. "வாசம் எங்கேருந்து வந்துச்சுன்னு."

"தெரியலடி. சத்தியமா தெரியல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கணும்ல. நிறுத்த மனசு வரல போல."

இத்ரிசு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பஞ்சால் துடைத்தான், ஒரு சொட்டு விடாமல். துடைத்த பஞ்சைக் குப்பையில் போடப் போனவன், என்ன நினைத்தானோ, காகிதத்தில் மடித்து அராபாவின் கையில் கொடுத்தான். பிறகு சாம்பல்நிறக் களிம்பைப் பயறளவு வைத்து, விசிறியை வைத்து, நாலாவது காலைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினான். டக்கென்றது.

சாயங்காலம் நாலு மணியிலிருந்து கம்ப்யூட்டர் அணையவே இல்லை. ஒரு வாசமும் இல்லை. விசிறி சீராக ஓடியது. அராபா உட்கார்ந்து பெட்டகம் பெட்டகமாக எல்லாம் பார்த்தாள். இரண்டாயிரம் படம் இருக்கும். ஊரே இருந்தது. கோபினா இல்லை. கேமிராவைச் சோதித்த படங்கள்கூட இருந்தன: சுவர், கடைப்பலகை, எங்கள் அடுப்பு, அராபாவின் முதுகு. அவன் இல்லை.

"அவன் சொன்னபடியே நடந்துக்கிட்டான்," என்றாள். "தன் மூஞ்சியை எங்கயும் வைக்கல." எழுந்திருக்கப் போனாள்.

எனக்கு ஒரு ஆசை. அந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான். "அராபா, அணைக்கிறதுக்கு முன்னாடி மன்சாவை ஒருதடவை காட்டேன். என் வீட்டுப் போஸ்டர் உப்புக்காத்துல வெளுத்துப்போச்சு."

அவள் மறுக்கவில்லை. தேடி எடுத்தாள். அச்சுக்குப் போன படம் அல்ல, எழுத்தும் படமும் தனித்தனி அடுக்காக இருக்கிற, கோபினா வேலை செய்த மூலத்தையே திறந்துவிட்டாள். என் மன்சா வந்தாள். ஊதா நிறத் தலைக்கட்டு, 'நிறைவாழ்வு' என்று மேலே எழுத்து. நான் திரையில் கை வைத்துத் துடைத்தேன், தூசி இருந்தது.

அராபா அணைக்கிறதற்காக மவுஸை நகர்த்தினாள். விரல் அழுந்தியிருந்தது போல. மன்சாவின் முகம் ஒட்டாத காகிதம் மாதிரி ஒரு பக்கமாக நகர்ந்தது.

அதற்கு அடியில் கோபினா இருந்தான்.

நீலச் சட்டை. இடது புருவத்தில் அந்த வெட்டு. வாய் கொஞ்சம் கோணின, யாரையோ கிண்டல் பண்ணுவதற்கு முந்தின சிரிப்பு. என் மன்சாவின் கண் இருந்த அதே இடத்தில் அவன் கண்.

எகுவா என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

அராபா இன்னொன்றைத் திறந்தாள், பள்ளிக்கூட வாத்தியார். முகத்தைப் பிடித்து நகர்த்தினாள். அடியில் கோபினா. மீன் ஏலக்காரி, அடியில் கோபினா. பாதிரியார். கடலில் போன மூன்று பேர். இரட்டையில் ஒன்று, அந்தப் பால்முகத்துக்கு அடியிலும் அதே நீலச் சட்டை, அதே சிரிப்பு. எல்லாப் போஸ்டரும் ஒரே அச்சிலிருந்து எடுத்தது. கண் எந்த உயரத்தில் வரவேண்டும், தாடை எங்கே முடியவேண்டும் என்று அளவு பிடிக்க ஒரு முகம் வேண்டுமே. அதற்குத் தன் முகத்தை வைத்திருக்கிறான். அதன்மேல் செத்தவரைக் கிடத்தி, பொருந்தினதும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறான். பன்னிரண்டு வருஷம், எங்கள் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும், ஒவ்வொரு சாவுக்கு அடியிலும், அவன் சிரித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான்.

வெளியே புழுதிக்குள் சூரியன் ஒரு செப்புத் தட்டு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அராபா நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள், ரொம்ப நேரம். புருவத்தின் வெட்டை விரலால் தொட்டாள்.

"ம்," என்றாள். "சொல்லு கோபினா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

எகுவா வாயைத் திறந்தாள், தடுக்கிறதற்கு. நான் அவள் கையைப் பிடித்தேன். முகம் தெரிகிறதே, இனிமேல் என்ன.

சனிக்கிழமை கூட்டத்தில் அன்சா மாமா படத்தைக் கையில் வாங்கினார். முதல் தடவையாக ஒரு மனுஷனை நேராகப் பார்த்தார். "இவன்தான்," என்றார். கைத்தடி மடியிலிருந்து உருண்டு விழுந்தது, எடுக்கவில்லை. ஜனவரி கடைசியில் சடங்கு நடந்தது. அராபா கறுப்பைக் கழற்றிக் குளித்து, வெள்ளை கட்டிக்கொண்டு வெளியே வந்து, எல்லோர் கையையும் பிடித்தாள். அன்றைக்கு எகுவா ஏதோ சொன்னதற்கு அவள் சிரித்தது அடுத்த தெருவுக்குக் கேட்டது. இப்போது போஸ்டர் கடையை அவளே நடத்துகிறாள், அந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு. சாயங்காலமானால் டிஸ்க்கைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். புதுசாகச் செய்கிற போஸ்டர்களுக்கு அடியில் யார் முகத்தை வைத்து அளவு பிடிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கனவு நின்றதா என்றும் கேட்கவில்லை.

மன்சாவின் போஸ்டர் என் சுவரில் இருக்கிறது. புதுசாக அச்சடித்துக் கொடுத்தாள். தினமும் தூங்கப்போகும் முன்னால் தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுப்பேன். இப்போதெல்லாம் இரண்டு பேருக்குச் சொல்கிறேன். இந்தக் காற்று அடிக்கிற நாட்களில், என் அடுப்பு தணிந்தபிறகு, உருகின ஷியா வாசம் ஒரு இழை வருவது உண்டு. அராபா வீட்டில் அந்தப் பஞ்சு இன்னும் காகிதத்துக்குள்ளேயேதான் இருக்கிறதாம், கேட்டுப் பார்த்தேன். யாரும் அதைச் சூடு காட்டவில்லை.

உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற படத்துக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா? போனவர்களின் வாசம் ஏதாவது, வரக்கூடாத இடத்திலிருந்து உங்களுக்கு வந்திருக்கிறதா? வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள். சாயங்காலம் மீன் எல்லாம் இறக்கினபிறகு நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பேன்.